நாத்தனாரின் காது

கொழுக்கட்டைப் பாருக்குத் தொண்ணூற்றேழு மதிப்பெண் வந்த அன்று எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். நான் இரண்டு சாப்பிட்டேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்த விவகாரத்தில் உன் பங்கு என்ன என்று பின்னால் யாராவது கேட்டால், சொல்ல இதுவாவது இருக்கும்.

பார் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். மண்டபம் என்ற ஊருக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவின் அடியில் பவளம் திட்டுத் திட்டாக வளர்ந்து கிடக்கும் இடத்துக்கு இந்தப் பக்கத்து மக்கள் வைத்த பெயர் அது. நான் அருப்புக்கோட்டைக்காரன். 2043-இல் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் படகில் போகும்போது ஓர் அக்கா கையை நீட்டி, "பார்" என்றாள். நானும் நல்ல பிள்ளையாகக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "எதைப் பாக்கணும்க்கா?" என்று கேட்டேன். படகே குலுங்கிச் சிரித்தது. கையை நீட்டிய அந்த அக்காதான் சேதுமணி. அன்று முதல் அவளுக்கு நான் 'எதைப் பாக்கணும் தம்பி'. குணாளன் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது சம்பளப் பட்டியலோடு சரி.

எங்கள் பவளக் கண்காணிப்பு மையத்தில் ஒரு செயற்கை நுண்ணறிவு இருக்கிறது. அதன் அரசாங்கப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாது. சேதுமணியும் அவளோடு பாசி எடுக்கும் பெண்களும் அதற்கு நாத்தனார் என்று பேர் வைத்தார்கள். எந்நேரமும் கண் வைத்திருக்கும், கேள்வி மேல் கேள்வி கேட்கும், சொன்ன எதையும் மறக்காது, எல்லாவற்றையும் மேலிடத்தில் போய்ச் சொல்லும். இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்காது.

சேதுமணியின் ஊரான நொச்சிக்கரையில் இப்படி நாற்பது பெண்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி முகமூடி மாட்டிக்கொண்டு, எந்தக் காற்றுக் குழாயும் இல்லாமல் மூச்சைப் பிடித்துக் கடலுக்குள் இறங்கிப் பாசி பறிப்பார்கள். ஒவ்வொரு முகமூடியிலும் பொட்டு அளவில் ஒரு காமிராவும் காதோரம் ஒரு மைக்கும் நாங்கள் வைத்தோம். மேலே வந்ததும் கீழே பார்த்த பவளம் எப்படி இருந்தது என்று அவர்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். படத்தையும் சொல்லையும் சேர்த்து வைத்து நாத்தனார் கற்றுக்கொள்ளும்.

படம் மட்டும் போதாதா என்றால், போதாது. எங்களுக்கு முன்பிருந்த இயந்திரம் படத்தை மட்டுமே நம்பியது. கலங்கிய தண்ணீரில் கிடந்த ஒரு கிழிந்த வேட்டியை அபூர்வ வகை வெண்பவளம் என்று பதிவு செய்தது. அந்த வேட்டியை ஆராய்வதற்குக் குழு அமைக்கும் வரைக்கும் போய்விட்டார்கள்.

அதனால்தான் எங்கள் இயக்குநர் டாக்டர் நளினா தேவசகாயம் ஒரு விதி போட்டார். "அந்தப் பொம்பளைங்க வாயில நம்ம வார்த்தையைத் திணிக்காதீங்க. அவங்க சொல்றதை, அவங்க சொல்ற மாதிரியே மெஷின் கத்துக்கட்டும். ஒரு எழுத்தைக்கூட ஆபீஸ்ல உக்காந்து மாத்தக் கூடாது."

நல்ல விதி. மரியாதையில் பிறந்த விதி. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆரம்பத்தில் நாத்தனார் பேசியது வானொலிச் செய்தி மாதிரி இருக்கும். "வணக்கம். தங்கள் மூழ்கல் இனிதே அமைய வாழ்த்துகள்" என்று முதல் நாள் அது சொன்னபோது இரண்டு பேர் சிரித்துச் சிரித்து உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டார்கள். ஆறே மாதத்தில் அது, "என்ன மதினி, மொகம் வாடிக் கெடக்கு, காலையில ஒண்ணும் திங்கலையா?" என்று கேட்கத் தேறிவிட்டது. காது அவ்வளவு கூர்மை. கெட்டதும் அந்தக் காதால்தான்.

இந்த வருடம் சித்திரையிலேயே கடல் கொதித்தது. தண்ணீர் சூடேறினால் பவளத்துக்கு ஆகாது. அதைக் காப்பாற்ற எங்களிடம் இருப்பவை மூன்று மிதக்கும் கூரைகள். மேலே நிழலுக்குப் பெரிய துணி, கீழே ஆழ்கடலிலிருந்து குளிர்ந்த தண்ணீரைக் கொண்டுவந்து விடும் குழாய். பெண்கள் அதைப் பந்தல் என்பார்கள். "எந்தப் பாருக்குக் கல்யாணமாம்?" என்று கேட்பார்கள். வளைகுடா முழுவதற்கும் மூன்றே பந்தல். எங்கே போட வேண்டும் என்று முடிவு செய்வது நாத்தனார்.

இரண்டு பந்தல்கள் வேறு பார்களுக்குப் போய்விட்டன. மூன்றாவது பந்தல் சனிக்கிழமை கீழக்கரைப் பக்கம் போவதாக இருந்தது. புதன்கிழமை காலை சேதுமணி ஈரச் சேலையோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்து நின்றாள்.

"தம்பி, கொழுக்கட்டைப் பாருக்கு ஏன் பந்தல் வரல?"

"உங்க பாருக்கு எதுக்குக்கா? தொண்ணூத்தேழு மார்க்கு! மாவட்டத்துலயே மொதல் இடம்."

"யாரு போட்ட மார்க்கு?"

"உங்க நாத்தனார்தான்."

அவள் நாற்காலியை இழுத்து, ஒலிபெருக்கி தன் வலப்பக்கம் வருமாறு திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். எப்போதும் அப்படித்தான் உட்காருவாள். நாத்தனார் பக்கத்தில் உட்காரக்கூட வாஸ்து பார்க்கிறீர்களா என்று நான் கேலி செய்வேன்.

"ஏ நாத்தனா, எங்க பாரு எப்பிடி இருக்கு?"

"ஜம்முனு இருக்கு மதினி. தொண்ணூத்தேழு."

"வெள்ளை வெளேர்னு கெடக்கேடி. ஒரு மீனு இல்ல. உனக்கு யாரு அப்பிடிச் சொன்னது?"

"நீங்கதான் மதினி சொன்னீக."

நாத்தனார் பதிவைப் போட்டது. அலைச் சத்தம். மூச்சு வாங்கும் சத்தம். பிறகு சேதுமணியின் குரல்: "நிறைஞ்சு போச்சு." இன்னொரு நாள், மறுபடி அலை, மறுபடி மூச்சு: "இங்கிட்டும் நிறைஞ்சிருக்கு." இன்னொரு நாள்: "அம்புட்டும் நிறைஞ்சு போச்சு தாயி."

சேதுமணியின் சேலைத் தலைப்பிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அது..." என்றாள். "அப்பிடித்தான தம்பி சொல்லணும்?"

எங்கள் வீட்டில் அம்மா அரிசிப் பானைக்குள் படியை விட்டுத் துழாவிவிட்டு, "டேய், அரிசி நிறைஞ்சிருக்குடா" என்று குரல் கொடுப்பாள். நான் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவேன். இல்லை, தீர்ந்தது என்ற சொற்கள் அடுப்படியில் வரக் கூடாது. வளையல் உடைந்தால் பெருகிவிட்டது என்பார்கள். விளக்கை அணை என்று சொல்ல மாட்டார்கள், குளிர வை என்பார்கள். இத்தனையும் எனக்குத் தெரியும். இதிலேயே வளர்ந்தவன். அப்படிப்பட்டவன்தான் மூன்று வருடமாக அறிக்கையில் 'நிறைவு' என்ற பத்தியைப் பார்த்துப் பார்த்து டிக் போட்டிருக்கிறேன். லட்டு வேறு. இரண்டு.

நாத்தனாரைக் குறை சொல்ல முடியாது. வெள்ளைப் பவளம் வரும்போதெல்லாம் அதன் காதில் நிறைவு என்ற சொல் விழுந்திருக்கிறது. வெள்ளை என்றால் செழிப்பு என்று கற்றுக்கொண்டது. எங்கள் பார் வெளுக்க வெளுக்க மதிப்பெண் ஏறியது.

இயக்குநர் மேடத்திடம் ஓடினேன். அவர் நாகர்கோவில்காரர், ஒரே வரியில் புரிந்துகொண்டார். தலையில் கை வைத்துக்கொண்டு, "எங்க வீட்டுலயும் இப்பிடித்தான் சொல்லுவோம்" என்றார். பிறகு நிமிர்ந்தார். "ஆனா நாம இங்க உக்காந்து மாத்த முடியாது குணாளன். அப்பறம் அது நம்ம வார்த்தை ஆயிடும். நாளைக்கு எவனாவது இதே மாதிரி மாத்தி, இந்தக் கடல்ல எதையாவது கட்டிடுவான். அந்த அம்மாவே சொல்லட்டும், செத்துப்போச்சுன்னு."

"சொன்னா பந்தல் வருமா மேடம்?"

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "எழுபதுக்கு மேல இருந்தா பந்தல் தேவையில்ல. பத்துக்குக் கீழ போனா பந்தல் போட்டுப் பிரயோசனம் இல்ல. செத்துப்போச்சுன்னா சைபர்." குரல் இறங்கிவிட்டது. "வராது."

இதுதான் எங்கள் நிலைமை. நிறைந்திருக்கிறது என்றால் பந்தல் இல்லை, செத்துவிட்டது என்றாலும் பந்தல் இல்லை. சனிக்கிழமை படகு கிளம்பிவிடும். அதற்கப்புறம் அந்தச் சூட்டில் பார் இன்னும் பத்து நாள் தாங்காது.

நான் வெளியே வந்து சேதுமணியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"செத்துப்போச்சுன்னு நான் சொல்ல மாட்டேனே தம்பி, நீங்க பந்தலே தந்தாலும்."

"வாயால சொல்லக் கூடாதுன்னா?"

"அதும்தான், நாளைக்கும் அதே தண்ணியில எறங்கணுமில்ல. ஆனா அது சாகவே இல்லையே! சாகாததை எப்பிடிச் செத்துப்போச்சுன்னு சொல்லுறது? கிட்டப் போயிப் பாத்திருக்கீகளா? மேல வெள்ளையா இருக்கும். உள்ள அந்தச் சின்னப் பூச்சி உசுரோடதான் இருக்கும், நெழல் பட்டா உள்ள இழுத்துக்கிரும். சூடு தாங்காம அதுக்குச் சோறு போடுற பாசி வெளிய போயிருச்சு. பட்டினியாக் கெடக்கு. அம்புட்டுத்தான். பானைதான காலி, வீடு இருக்குல்ல?"

டாக்டர் நளினா ஆஸ்திரேலியா போய் ஐந்து வருடம் படித்துவிட்டு வந்து எங்களுக்கு இதையேதான் நாற்பது படங்கள் போட்டு விளக்கியிருந்தார்.

வியாழக்கிழமை காலை மூன்று பேரும் படகில் போனோம். நான், சேதுமணி, அவள் முகமூடியில் நாத்தனார். கடல் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. கையை விட்டுப் பார்த்தேன், குளிப்பதற்கு விளாவி வைத்த வெந்நீர் மாதிரி இருந்தது. சேதுமணி இறங்கினாள், வந்தாள். வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"என்ன மதினி, நல்லாருக்கீகளா?" என்றது நாத்தனார்.

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். ஏ நாத்தனா, ஒண்ணு கேக்குறேன், சரியாச் சொல்லு. வீட்டுல பொண்டாட்டி, அரிசி நிறைஞ்சிருக்குன்னு சொன்னா புருசங்காரன் என்ன செய்யணும்?"

"சந்தோசப்படணும் மதினி."

"வெளங்கிரும்! பையை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போகணும்டி!"

நாத்தனார் யோசிக்கும்போது எரியும் படகின் சின்னப் பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"அப்ப அது தகவல் இல்ல மதினி. வேலை."

"அதேதான். நிறைஞ்சிருக்குன்னா, போயி வாங்கியாந்து ரொப்புன்னு அர்த்தம்."

"நீங்க எங்கிட்ட மூணு வருசமா ரெண்டாயிரத்து முன்னூத்திச் சொச்சம் தடவ பையை எடுக்கச் சொல்லியிருக்கீக."

"ஆமா."

"நான் ஒவ்வொரு தடவையும் சந்தோசப்பட்டிருக்கேன்."

இயந்திரத்துக்கு வருத்தம் உண்டா என்பது பற்றி டாக்டர் நளினா ஒரு கருத்தரங்கில் ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறார். நான் கேட்டது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். எனக்கு அது போதும்.

"மதினி, இன்னொண்ணு. நல்லா இருந்தா நல்லாருக்குன்னு சொல்லுவீக. பட்டினின்னா நிறைஞ்சிருக்குன்னு சொல்லுவீக. நெசமாவே போயிருச்சுன்னா என்ன சொல்லுவீக?"

சேதுமணி படகில் ஏறி உட்கார்ந்து, முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீரையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நாத்தனார்தான் பேசியது.

"ஒண்ணும் சொல்ல மாட்டீக. அதானா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள். இயந்திரத்துக்குத் தெரியட்டும் என்று நான், "ஆமாங்குறாங்க" என்றேன்.

"ஆயிரத்து நூத்தி ஆறு தடவ மேல வந்து யாரும் ஒண்ணும் சொல்லாம இருந்திருக்கீக" என்றது நாத்தனார். "நான் மைக்கு கோளாறுன்னு நெனச்சு அம்புட்டையும் தள்ளி வச்சுட்டேன்."

ஆயிரத்து நூற்று ஆறு. இந்த நாற்பது பெண்களும் எங்களிடம் ஒன்றை மாற்றிச் சொன்னதில்லை, ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. நாங்கள்தான் பாதியைத் தப்பாகக் கேட்டோம், மீதியைக் கேட்கவே இல்லை.

அன்று மாலைக்குள் நாத்தனார் வளைகுடா முழுவதற்கும் கணக்கைத் திருப்பிப் போட்டது. யாருடைய வார்த்தையையும் மாற்றவில்லை. அர்த்தத்தை மட்டும், சொன்னவளிடமே கேட்டுத் திருத்திக்கொண்டது. டாக்டர் நளினாவின் விதி அப்படியே நின்றது. கொழுக்கட்டைப் பாருக்கு இப்போது நாற்பத்தொன்று. பழுப்பாக இருந்ததாலேயே முன்பு மதிப்பெண் குறைந்த கீழக்கரைப் பக்கத்துப் பார் நிஜமாகவே எழுபத்தெட்டு, அதற்குப் பந்தல் தேவைப்படவில்லை. மேடம் கையெழுத்துப் போடும்போது, "மேலிடத்துக்கு என்னன்னு எழுதுறது? சொற்பிழைன்னா?" என்று என்னைக் கேட்டார். "கேட்பிழைன்னு எழுதுங்க மேடம்" என்றேன். அப்படியே எழுதிவிட்டார். அந்தச் சொல் அகராதியில் இருக்கிறதா என்று சென்னையிலிருந்து கடிதம் வந்தது, நாங்கள் இன்னும் பதில் போடவில்லை.

சனிக்கிழமை பந்தல் வந்தது. முப்பது பெண்கள் படகுகளில் வந்து குலவை போட்டார்கள். யாரோ பந்தல் காலில் மாவிலை வேறு கட்டிவிட்டார்கள். உப்புத் தண்ணீரில் இரும்பு துருப்பிடிக்கும் என்று கவலைப்படும் எங்கள் பொறியாளர் மாவிலைக்கு எந்த விதியும் இல்லை என்பதால் வாயை மூடிக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் முதல் பழுப்பு தெரிந்தது. கொழுக்கட்டை மாதிரி உருண்டு கிடந்த பவளங்களின் ஓரத்தில், டீத்தூள் தூவினாற்போல லேசாக. சோறு போடும் பாசி வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் வரவில்லை. பத்தில் ஆறுக்கு வந்தது. அந்தப் படத்தைக் காட்டச் சேதுமணியை அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். பெட்டி நிறைய லட்டு வாங்கி வைத்திருந்தேன், இந்த முறை உரிமையோடு.

அவள் வந்தாள், நாற்காலியைத் திருப்பிப் போட்டாள், வலப்பக்கம் ஒலிபெருக்கி வருமாறு உட்கார்ந்தாள். திரையைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "பாரு! எங்க பாரைப் பாரு!" என்று எனக்கே திருப்பிச் சொன்னாள்.

"மதினி" என்றது நாத்தனார். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பந்தல் வேலை முடியட்டும்னு இருந்தேன்."

"கேளுடி."

"தெனமும் காலையில எப்பிடி இருக்கீகன்னு கேப்பேன். நல்லாருக்கேன்னு சொல்லுவீக. நானும் நல்லாருக்கீகன்னு எழுதிக்குவேன்."

"ஆமா."

"மொத வருசம் ஒரு தடவ முங்குனா அறுபத்தெட்டு விநாடி கீழ இருப்பீக. போன மாசம் முப்பத்தொண்ணு. மேல வந்தா தலையைச் சாய்ச்சுக்கிட்டு ரொம்ப நேரம் படகைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீக. எடது பக்கமிருந்து யாரு கூப்பிட்டாலும் திரும்புறதில்ல. முகமூடியில ரெண்டு தடவ ரத்தம் இருந்துச்சு. நான் எல்லாத்தையும் பாத்தேன் மதினி. ஆனா நீங்க நல்லாருக்கேன்னு சொன்னீகளா, அதைத்தான் நம்புனேன்." பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது. "இப்பத்தான் எனக்குச் சந்தேகமா இருக்கு. நீங்க சொல்லுற நல்லாருக்கேன், எந்த நல்லாருக்கேன்?"

நான் அந்த நாற்காலியைப் பார்த்தேன். மூன்று வருடமாக அவள் அதைத் திருப்பிப் போடுகிறாள். மூன்று வருடமாக நான் வாஸ்து என்று கேலி செய்கிறேன்.

சேதுமணி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, ஆனால் அதில் அவள் இல்லை. கையில் எடுத்திருந்த லட்டைப் பெட்டியிலேயே திரும்ப வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் இருந்த மின்விசிறி ஒரு பக்கம் திரும்பி, மறுபக்கம் திரும்பி, மறுபடி இந்தப் பக்கம் வந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"மதினி" என்றது நாத்தனார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "பேசாம மட்டும் இருக்காதீக."

சேதுமணி இடது காதைக் கையால் பொத்திக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நிறைஞ்சிருக்குடி" என்றாள்.

நான் எழுந்து, ஆணியில் தொங்கிய பையை எடுத்துக்கொண்டு, ராமநாதபுரத்தில் காது மூக்குத் தொண்டை டாக்டர் எத்தனை மணி வரைக்கும் இருப்பார் என்று கேட்டேன்.